மண்டபத்துச் சீட்டும் ஒரு பதில் கடிதமும்

நேமத்தில் எங்கள் தெருவுக்குள் வந்து, பேப்பர் சரியாக்கித் தருகிற சார் வீடு எது என்று கேட்டால், யாராக இருந்தாலும் ராஜமணி சாரின் பச்சை கேட்டைக் காட்டிவிடுவார்கள். வில்லேஜ் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, வில்லேஜ் ஆபீசராக 2008-ல் ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து எல்லை தாண்டிக் கட்டட வேலைக்கு வந்தவர்கள், கிழக்கேகோட்டை ஓட்டல்களில் பரோட்டா அடிப்பவர்கள், ஊர்ப் பெயரும் அப்பா பெயரும் ஒவ்வொரு அட்டையில் ஒவ்வொரு விதமாக அச்சாகி மாட்டிக்கொண்டவர்கள் என்று தினமும் இரண்டு பேராவது அவர் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். எந்த ஆபீஸில் எந்த மேஜை, எந்தக் காகிதத்துக்குப் பதில் எந்தக் காகிதம் போதும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தேவைப்பட்டால் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே பஸ் ஏறிப் போவார்.

நான் மூன்று வீடு தள்ளி இருக்கிறேன். என் மகனின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி தவறாக விழுந்தபோது, அதைத் திருத்த எட்டு மாதம் அலைந்தவர் அவர்தான். நல்ல மனுஷன் என்று ஒருமுறை நேராகவே சொன்னேன். அவர் முகம் சுருங்கிப் போனது. அப்படிச் சொல்லாதீர்கள் என்றார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். காரணம் போன டிசம்பரில்தான் தெரிந்தது. சாயங்காலம் நடக்கப் போகும்போது, நாலைந்து நாளாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அவருடைய அப்பா பிச்சைக்கனிக்குப் பாறசாலைப் பக்கம் ஊர். பதினாறு வயதில் ஒரு கங்காணியுடன் இலங்கைக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கேயே வேலம்மாள் என்ற பெண்ணைக் கட்டினார். 1944-ல் ஒரு மகள் பிறந்தாள், பெயர் உலகம்மாள். பிள்ளைக்கு இரண்டு வயதானபோது மூன்று பேருமாக ஊருக்கு வந்து திரும்பினார்கள். அப்போதெல்லாம் தோட்டத்து ஆட்கள் நினைத்தபடி கடல் தாண்ட முடியாது. மண்டபத்து முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி வைத்து, மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டி, உடம்பைச் சோதித்து, கையில் ஓர் அடையாளச் சீட்டைக் கொடுத்துத்தான் கப்பல் ஏற்றுவார்கள். தோட்டத்துக்குப் போனாலும், மறுபடி ஊருக்கு வந்தாலும், அந்தச் சீட்டு இடுப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆள் ஆளே இல்லை.

பிச்சைக்கனியின் சீட்டை நான் பார்த்திருக்கிறேன். நாலாக மடித்த தடித்த காகிதம், மடிப்புகள் நைந்து துணி மாதிரி ஆகிவிட்டன. மேலே கிரீட முத்திரை. உள்ளே ஆங்கிலத்தில் பெயர், தகப்பன் பெயர், திருவிதாங்கூரில் எந்த ஊர் என்ற விவரம். உயரம் ஐந்தடி மூன்றங்குலம். இடது முழங்காலில் வெட்டுத் தழும்பு. உடன் வருவோர் என்ற இடத்தில், மனைவி வேலம்மாள், மகள் உலகம்மாள், வயது இரண்டு. அடியில் நீல மையில் கட்டைவிரல் ரேகை.

1948-ல் தன் அப்பா இறந்த செய்தி கிடைத்துப் பிச்சைக்கனி தனியாக ஊருக்கு வந்தார். சீட்டையும் கொண்டுவந்தார். நிலத்தைப் பார்க்க ஆளில்லை என்று வீட்டில் நிறுத்திக்கொண்டார்கள். அடுத்த வருஷமே பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. கிரீட முத்திரைச் சீட்டைக் காட்டிக் கப்பல் ஏற முடியாமல் போயிற்று. 1951-ல் எலிசாளைக் கட்டினார். இரண்டு வருஷம் கழித்து ராஜமணி பிறந்தார். குடும்பம் நேமத்துக்குக் குடிவந்தது. பிச்சைக்கனி திருச்சபையில் கமிட்டி உறுப்பினரானார். இலங்கையில் வேலை பார்த்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு குடும்பம் இருந்தது என்று வீட்டில் யாரும் பேசி ராஜமணி கேட்டதில்லை.

1979-ல் பிச்சைக்கனிக்குப் பக்கவாதம் வந்து வாய் கோணிப் போனது. இறப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் ராஜமணியைக் கூப்பிட்டு, பெட்டியிலிருந்து சீட்டை எடுக்கச் சொன்னார். உடன் வருவோர் பெயர்களில் விரலை வைத்தார். பேச்சு குழறியது. ஆனால் இந்த அளவுக்கு விளங்கியது.

"உனக்க அக்காலே. கேட்டா குடு."

ராஜமணிக்கு அப்போது இருபத்தாறு வயது. வேலையில் சேர்ந்து மூன்று வருஷம். அவர் முதலில் செய்தது வருஷங்களைக் கூட்டிப் பார்த்ததுதான். அந்த வேலம்மாள் உயிரோடு இருக்கும்போதே அப்பா அம்மாவைக் கட்டியிருந்தால், சபைப் பதிவேட்டில் இருக்கும் அம்மாவின் கல்யாணத்துக்கு என்ன அர்த்தம், தான் யார் என்று யோசித்தார். அப்பாவிடம் கேட்க முடியவில்லை. அம்மாவிடம் கேட்கத் துணியவில்லை. அடக்கம் முடிந்ததும் சீட்டைத் தன் சர்டிபிகேட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

எட்டு வருஷம் கழித்து, 1987-ல், கடிதம் வந்தது. பாறசாலை விலாசத்துக்கு வந்ததை அங்கே இருந்த உறவினர் ஒருவர் நேமத்து விலாசம் எழுதி அனுப்ப, தபால்காரர் வில்லேஜ் ஆபீஸிலேயே கொண்டுவந்து கொடுத்தார். எழுதியவர் உலகம்மாள். நாற்பத்துமூன்று வயது. கலவரத்தில் தோட்டத்துக் குடியிருப்பு லயம் எரிந்து, புருஷனைப் பறிகொடுத்து, மகள் செல்வமணியைக் கூட்டிக்கொண்டு படகில் வந்து, கன்னியாகுமரி மாவட்டத்து அகதிகள் முகாம் ஒன்றில் மூன்று வருஷமாக இருக்கிறார். அம்மா தன் சின்ன வயதிலேயே காலமாகிவிட்டதாகவும், சித்தி வளர்த்ததாகவும் எழுதியிருந்தார். அப்பாவுக்கு மண்டபத்தில் கொடுத்த சீட்டில் தன் பெயரும் இருப்பதாகச் சித்தி சொல்லியிருக்கிறார். அது இருந்தால் தங்களை இந்தியாவைச் சேர்ந்தவர்கள் என்று எழுதிக்கொள்ள வழி உண்டு என்று முகாமில் ஓர் அதிகாரி சொல்கிறார். அப்பாவுக்குச் சிரமம் இல்லாமல் அதைக் கொடுத்து உதவ வேண்டும். நாங்கள் வந்து தொந்தரவு செய்ய மாட்டோம் என்றும் ஒரு வரி இருந்தது.

முகாம் நேமத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பஸ் பயணத்தில் இருந்தது.

ராஜமணியின் மனைவி அப்போது பிள்ளைத்தாச்சி. அம்மா எலிசாள் சபையில் பெண்கள் சங்கத்துச் செயலாளர். கடிதத்தை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் மதியம், ஆபீஸில் கூட்டம் குறைந்த நேரத்தில், ஒரு முழுத்தாளில் பதில் எழுதினார். என்னிடம் அதை வரி பிசகாமல் ஒப்பித்தார்.

"தாங்கள் குறிப்பிடும் பிச்சைக்கனி என்பவர் 1979-ஆம் ஆண்டு காலமானார். அவருக்கு இலங்கையில் மனைவியோ மக்களோ இருந்ததாக எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. தாங்கள் கேட்கும் ஆவணம் எதுவும் எங்கள் வசம் இல்லை."

கீழே ராஜமணி, தகப்பனார் பெயர் பிச்சைக்கனி, நேமம் என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆபீஸ் பழக்கம், எதையும் விடவில்லை. அவர் இல்லை என்று எழுதிய ஆவணம் அன்றைக்கு அவர் வீட்டு அலமாரியில்தான் இருந்தது.

ஒரு மாதத்துக்குள் இன்னொரு கடிதம் வந்தது. தபால் கார்டு. அப்பா இறந்த செய்தியைத் தெரிவித்ததற்கு நன்றி, எங்கே அடக்கம் செய்திருக்கிறது என்று சொன்னால் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவேன் என்று மட்டும் இருந்தது. அவர் அதற்குப் பதில் போடவில்லை.

"முதல் லெட்டர் எழுதும்போ பயம் இருந்துது சார்," என்றார் என்னிடம். "ரண்டாமத்தேதுக்கு அதுகூட இல்ல. சும்மா விட்டுட்டேன். அதுதான் கூடுதல் கொடுமை."

அதற்குப் பிறகு காகிதம் இல்லாமல் தன் மேஜை முன்னால் நிற்கிற யாரையும் அவரால் திருப்பி அனுப்ப முடியவில்லை. பிறப்புச் சான்று இல்லாத ஒரு சித்தாள் பெண்ணுக்காக, லீவு போட்டுவிட்டுச் சங்கரன்கோவில் வரை போய் அவள் படித்த பள்ளிப் பதிவேட்டைத் தேடினார். ஊர் அவரைப் புகழ்ந்தது. ஆபீஸில் பாராட்டுக் கூட்டம்கூட வைத்தார்கள். உதவி செய்த நாட்களில் தூக்கம் கொஞ்சம் நன்றாக வரும் என்றார். ஆனால் அந்த ஒரு முகாமுக்கு மட்டும் அவர் போகவில்லை. நாகர்கோவிலுக்குப் போகும் பஸ்ஸில் அந்தத் திருப்பம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வாராம்.

2003-ல் எலிசாள் படுத்த படுக்கையானார். ஒரு நாள் காலையில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவராகவே கேட்டார்.

"அப்பாக்க அந்த இலங்கைப் பிள்ள, உலகம்மா, அவ உனக்கு ஒரு லெட்டரும் போடல்லியா மக்கா?"

ராஜமணி கையிலிருந்த கரண்டி கிண்ணத்திலேயே நின்றுவிட்டது. அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாமல் என்ன என்றார் எலிசாள். வேலம்மாள் 1950-லேயே காய்ச்சலில் இறந்துவிட்ட செய்தி வந்த பிறகுதான் பிச்சைக்கனி பெண் கேட்டு வந்திருக்கிறார். எல்லாவற்றையும் எலிசாளின் அப்பாவிடம் சொல்லித்தான் கல்யாணம் நடந்திருக்கிறது. போதகருக்கும் தெரியும்.

"அந்தப் பிள்ளையக் கொண்டு வாங்க, நான் வளக்கேன்னு சொன்னேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் பாத்தாவ, ஒண்ணும் நடக்கல. பின்ன அவளுக்க சித்தி இடம் மாறிப் போனா. காயிதமும் நின்னு போச்சு. அவருக்கு அந்த ஒரு வெசனம்தான் கடைசி வரைக்கும்."

எந்த அவமானத்திலிருந்து அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பொய் எழுதினாரோ, அப்படி ஓர் அவமானமே இருந்திருக்கவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். அம்மா கண் மூடுவதற்கு முன்னால் அந்த அக்காவைக் கூட்டிவந்து காட்டியிருக்கலாம். ஆனால் அவர் வாயில் வந்தது, ஒரு லெட்டரும் வரல்லம்மா என்பதுதான். நாலாம் நாள் எலிசாள் இறந்துபோனார்.

அதற்கப்புறம் ஏன் போகவில்லை என்று நான் கேட்டேன். பதினாறு வருஷம் கழித்து என்னவென்று போய் நிற்பது என்று தோன்றியதாம். பிறகு இருபது வருஷம் ஆயிற்று. தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷத்தை இன்னும் கடினமாக்கியது என்றார்.

போன நவம்பரில் வாக்காளர் பட்டியலைத் திருத்துவதற்கு வீடு வீடாகப் படிவம் வந்தது. ராஜமணியின் மனைவி இறந்து சில வருஷம் ஆகிறது. ஒரே மகள் நீது கழக்கூட்டத்தில் ஐடி கம்பெனியில் வேலை. அப்பாவின் படிவத்தையும் தானே நிரப்புவதாகச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை வந்தவள், பழைய பட்டியல் விவரங்களுக்காக அலமாரியிலிருந்த ஃபைல்களை இறக்கினாள். அடியில் சீட்டு இருந்தது. சீட்டுக்குள் உலகம்மாளின் இரண்டு கடிதங்களும் இருந்தன.

நீது படித்ததெல்லாம் மலையாளத்திலும் இங்கிலீஷிலும்தான். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. சீட்டில் இருந்த இங்கிலீஷை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, இந்த உலகம்மாள் ஆரு? அப்பூப்பனுக்க மோள்னு போட்டிருக்கு."

தாத்தாவின் மகள் என்பதை மலையாளம் கலந்து அப்படிக் கேட்டாள். பிறகு கடிதங்களை நீட்டி, இதை வாசித்துச் சொல்லுங்கள் என்றாள்.

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம் என்றார் ராஜமணி. யாரோ தெரிந்தவர்கள் எழுதியது என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் கடிதத்தைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். தொந்தரவு செய்ய மாட்டோம் என்ற இடம் வந்ததும் எழுந்துபோனார். தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் வாசித்தார். கார்டையும் வாசித்தார்.

"இதுக்கு நீங்க என்ன ரிப்ளை போட்டிய?"

அவர் சொன்னார். நீது கடிதங்களை மடித்து மறுபடி சீட்டுக்குள் வைத்தாள். கோபத்தில் ஏதாவது கேட்டிருந்தால் தேவலாம் என்று இருந்ததாம் அவருக்கு. கடைசியில், அடுத்த சனிக்கிழமை போவோம், நான் கார் எடுத்துட்டு வாரேன் என்று மட்டும் சொன்னாள்.

முகாம் அலுவலகத்தில் அவருடைய ஆதார் அட்டையைப் பார்த்து ஒரே நிமிஷத்தில் உள்ளே விட்டார்கள். உலகம்மாள் ஆறு வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டிருந்தார். மகள் செல்வமணி இருந்தார். அறுபதை எட்டப்போகிறவர், நரைத்த முடி, பிச்சைக்கனிக்கு இருந்தது போலவே குறுகலான நெற்றி. பத்தடிக்குப் பத்தடி வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுத் தேநீர் கொடுத்தார். வந்தவர் பெயரைச் சொன்னதும் செல்வமணி சட்டென்று எழுந்து, சுவரில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்தார். லாமினேட் செய்யப்பட்ட முழுத்தாள். 1987-ல் ராஜமணி எழுதிய பதில்.

"இதுல இருக்கிற ராஜமணிங்களா?" என்று கேட்டார்.

உலகம்மாள் எந்த ஆபீஸுக்குப் போனாலும் அந்தத் தாளைத்தான் எடுத்துப் போவாராம். தன் அப்பா இந்த நாட்டுக்காரர் என்று காட்ட அவரிடம் வேறு எதுவும் இல்லை. இது இல்லை என்று சொல்கிற கடிதம் ஆயிற்றே, இதை ஏன் காட்டுகிறாய் என்று ஒருமுறை ஓர் அதிகாரி சிரித்திருக்கிறார்.

"அதுக்கு அம்மா சொன்னாங்க, பிச்சைக்கனின்னு ஒருத்தர் நேமத்துல இருந்தார், செத்தார்னு இதுல எழுதியிருக்குல்ல, பெத்த மகனே கையெழுத்து போட்டிருக்காருல்லன்னு. அம்மாவுக்கு உங்க மேல கோவம் இல்லீங்க சார். தம்பி எழுத்து அழகா இருக்குன்னு சொல்வாங்க."

ராஜமணியால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் நின்றார். நீதுதான் சீட்டை எடுத்துச் செல்வமணியிடம் கொடுத்தாள். செல்வமணி அதை மடியில் விரித்துத் தன் அம்மாவின் பெயரைத் தேடினார். இங்கிலீஷ் தெரியாததால் நீது விரலால் காட்டினாள். வயது இரண்டு என்று சொன்னதும் செல்வமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

திரும்பி வந்த ராஜமணி, காகிதம் தன்னிடம்தான் அப்போதும் இருந்தது என்பதைத் தானே சொன்னார். செல்வமணி திட்டவில்லை. தனக்குக் கிடைத்திருக்கக்கூடியதை எல்லாம் ஒரு கணக்குப் போலச் சொல்லவும் இல்லை. கேட்டபோதுதான் சொன்னார். மகள் ரெஷ்மா நர்சிங் படித்திருக்கிறாள். வெளிநாட்டில் வேலை கிடைத்தும் பாஸ்போர்ட் எடுக்க வழியில்லாமல் போய்விட்டது. இப்போது மார்த்தாண்டத்தில் ஒரு கிளினிக்கில் பாதிச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாள்.

"எனக்கு இனி என்ன சார். அவளுக்குக் கிடைச்சா போதும்."

ஜனவரியில் குடியுரிமை மனுவோடு சீட்டைச் சேர்த்துக் கொடுக்க எல்லோரும் ஒரு அதிகாரியிடம் போனார்கள். அவர் நல்ல மாதிரி. சீட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷம் ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்வி மேலே போனால் கண்டிப்பாக வரும், ராஜமணி ஒரு வாக்குமூலம் எழுதித் தர வேண்டும் என்றார். பழைய பெட்டியில் இப்போதுதான் கிடைத்தது என்று எழுதினால் சிக்கல் இல்லை என்றும் தணிந்த குரலில் சொன்னார். பேனாவைத் திறந்த ராஜமணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உண்மையை எழுதினால் கேஸ் கெட்டுப்போகுமோ என்று பயம். தன் மன நிம்மதிக்காக அந்தப் பெண்ணின் வாழ்க்கையை இன்னொரு முறை பணயம் வைப்பதா என்று தயங்கினார். செல்வமணியைப் பார்த்தார்.

"நடந்ததையே எழுதுங்க சார்," என்றார் செல்வமணி. "அம்மா கேட்டாங்கங்கிறது எங்கேயாவது ஒரு இடத்துல இருக்கட்டும்."

அவர் எழுதினார். இந்த ஆவணம் 1979 முதல் என் கைவசம் இருந்தது. என் சகோதரி உலகம்மாள் 1987-ல் இதை எழுத்து மூலம் கேட்டார். நான் இல்லை என்று பொய் சொல்லி மறுத்தேன். இப்படி நாலு வரி. இரண்டு கடிதங்களின் நகலையும், தன் பதிலின் நகலையும் பின்னால் வைத்துக் கையெழுத்துப் போட்டார். முப்பத்திரண்டு வருஷ வேலையில் எத்தனையோ பேருக்கு உறவுமுறைச் சான்று எழுதியவர். என் சகோதரி என்று அவர் எழுதியது அதுதான் முதல் தடவை.

முடிவு இன்னும் வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் சில விளக்கங்கள் கேட்டு ஒரு கடிதம் வந்தது, பதில் அனுப்பியிருக்கிறார்கள். ராஜமணி மாதம் ஒருமுறை முகாமுக்குப் போய் வருகிறார். ரெஷ்மா நீதுவை அக்கா என்று கூப்பிடுகிறாள், இரண்டு பேரும் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் நீது எல்லோரையும் நேமத்துக்குக் கூட்டிவந்தாள். கல்லறைத் தோட்டத்துக்கும் போனார்கள். செல்வமணி எங்கள் வீட்டுக்கும் வந்து ஒரு வாய் காப்பி குடித்தார்.

சொந்தத் தாய்மாமனை அவர் இன்னமும் சார் என்றுதான் கூப்பிடுகிறார். மாமா என்று கூப்பிடச் சொல்லலாமே என்று நான் ராஜமணியிடம் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"அது நான் சொல்லி வரப்பிடாது சார்," என்றார்.